ஆயில் எஞ்சினை எடைக்குப் போடுமுன்

(தொழிற்பயிற்சி மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டார் ரூமைத் திறந்து பாருங்கள். சுவரில் மின்சார ஸ்டார்ட்டர் இருக்கும். தரையில், உரச் சாக்குகளுக்கும் பழைய பைப்புகளுக்கும் அடியில், ஃபிளைவீல் மட்டும் வெளியே தெரிய ஓர் ஆயில் எஞ்சின் கிடக்கும். வீட்டில் அவசரமாகப் பணம் தேவைப்படும் ஏதோ ஒரு நாளில் பழைய இரும்புக்காரர் வருவார். தராசில் ஏற்றுவார். அதோடு அதன் கதை முடிந்துவிடும்.

அந்த எஞ்சின் ஏன் நின்றது என்று கேட்டால், ‘பழசாகிவிட்டது’ என்பார்கள். அப்படிப் பழசான எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பல தேய்ந்து நிற்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போனதால் நின்றவை அவை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஞ்சினோடு இணைத்த சென்டிரிஃபியூகல் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைப் பம்ப் வரைக்கும் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி அது ஏற்றக்கூடிய உயரம் 10 மீட்டருக்குச் சற்று மேல். நடைமுறையில் 6, 7 மீட்டரைத் தாண்டினாலே பம்ப் திணறும். கிணற்று நீர் இறங்க இறங்க, நம் விவசாயிகள் கிணற்றின் பக்கச் சுவரில் பாறையை வெட்டி மேடை அமைத்து எஞ்சினை உள்ளே இறக்கினார்கள். புகைக்குழாயை மட்டும் மேலே நீட்டினார்கள். மறுபடியும் நீர் இறங்கியது. மறுபடியும் மேடையை இறக்கினார்கள். இதற்கிடையில் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. 1990 வாக்கில் தமிழ்நாட்டு விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானது. பிறகு ஆழ்குழாய்க் கிணறும் அதற்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரும் வந்தன. தரையில் நிற்கும் எஞ்சினுக்கு அங்கே வேலை இல்லை. நல்ல நிலையில் இருந்த எஞ்சின்களும் அப்படியே மூலையில் போய் உட்கார்ந்தன.

ஆகவே உங்கள் மோட்டார் ரூமில் கிடப்பது செத்துப்போன எஞ்சின் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அதை அளந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

இந்த எஞ்சின்களின் வம்சத்தைப் பற்றி நாலு வார்த்தை. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கும் ஒரே சிலிண்டர்தான். அதன் உள்விட்டம் 25 சென்டிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 40 சென்டிமீட்டர். எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்கள் ஆண்ட அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைத்த கணக்கு. 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரிலிருந்து லிஸ்டர் நிறுவனம் சி.எஸ். என்ற எஞ்சினைக் கொண்டுவந்தது. 114.3 மில்லிமீட்டர் உள்விட்டம், 139.7 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். முதலில் நிமிஷத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன், பின்னாளில் 650 சுற்றில் 6 குதிரைத்திறன். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே வடிவத்தை வார்த்தெடுத்து நாடு முழுக்க அனுப்பின. பெரிய இரட்டை ஃபிளைவீலோடு ‘டுக்… டுக்…’ என்று மெல்ல ஓடும் எஞ்சின் என்றால் அது இந்த வம்சம். இன்னொரு வம்சம் வேகமானது. 1946-இல் புனேவில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் ஏ.வி.1 அதில் பேர்போனது. 80 மில்லிமீட்டர் உள்விட்டம், 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 553 சி.சி., 1500 சுற்றில் 5 குதிரைத்திறன்.

இந்த எண்களை நான் சும்மா ஒப்பிக்கவில்லை. 650 சுற்றில் ஓடும் லிஸ்டரின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. 1500 சுற்றில் ஓடும் ஏ.வி.1 பிஸ்டனின் வேகம் 5.5 மீட்டர். ஏ.வி.1-இன் பிஸ்டன் ரிங் ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் சுவரை உரசிக்கொண்டு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. ஒரு போகத்துக்கு 300 மணி நேரம் இறைத்தால் 6,000 கிலோமீட்டர். அவ்வளவு உரசலையும் தாங்குவது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான். எஞ்சின் வேலை என்று நாம் செய்வதெல்லாம் அந்தப் படலத்துக்கு உரிய இடத்தை மீட்டுக் கொடுப்பதற்காக.

சரி, எஞ்சினைப் பிரிக்கலாம். ஸ்பானரைத் தொடுமுன் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் கியர்களில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் குறி போடுங்கள். சிலிண்டருக்கு அடியிலும் ஃபியூயல் பம்புக்கு அடியிலும் மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம் என்போம். ஏதோ தகரம் என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அவற்றின் கனம்தான் அந்த எஞ்சினின் முக்கியமான இரண்டு அளவுகளைத் தீர்மானிக்கிறது. தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

பல ஆண்டுகள் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். புகைக்குழாயின் வாயை மூடாமல் விட்டிருப்பார்கள். மழைநீர் குழாய் வழியே இறங்கி, திறந்திருந்த எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் தேங்கித் துருவை உண்டாக்கியிருக்கும். இங்கேதான் அவசரக்காரர்கள் சம்மட்டியை எடுப்பார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றிவிட்டு டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து பிஸ்டன் தலையில் ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுங்கள். தினமும் ஃபிளைவீலை இரு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். கடைசியில் தட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பிஸ்டன் அகலத்துக்குக் கடைந்த மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். காத்திருந்தால் பிஸ்டன் தப்பும், பெரும்பாலும் கனெக்டிங் ராடும் வளையாமல் தப்பும்.

இப்போது சிலிண்டர். சுத்தமாகத் துடைத்துவிட்டு மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு படி தட்டுப்படும். மேல் ரிங் போய்த் திரும்பும் இடம் அது. அதற்கு மேலே உலோகம் தேயாமல் பழைய அளவிலேயே இருக்கிறது, கீழே தேய்ந்திருக்கிறது. சிலிண்டர் எப்போதும் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். காரணம் மூன்று. எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கின் முதுகுக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துவது அங்கேதான். சூடு உச்சத்தில் இருப்பதால் ஆயில் நீர்த்துப்போவதும் அங்கேதான். திசை மாறும் கணத்தில் ரிங் நின்றுவிடுவதால் ஆயில் படலம் அறுபடுவதும் அங்கேதான். இதற்கு மேல், கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அதிகம் அழுந்தும். அதனால் வட்டம் நீள்வட்டமாகும். ஆகவே உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக, மொத்தம் ஆறு அளவு எடுங்கள். நோட்டில் எழுதுங்கள். அந்த ஆறு எண்களும் அந்த எஞ்சினின் வாழ்க்கையைச் சொல்லிவிடும்.

‘ரிங்கை மட்டும் மாற்றிப் போட்டுக் கொடுங்க’ என்று கேட்கும் விவசாயியின் பணக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூம்பு போலத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது மேலே விரிந்து கீழே சுருங்கும். நிமிஷத்துக்கு 1500 முறை. எவ்வளவு நாள் தாங்கும்? கூர்மையான புது ரிங் மேலே இருக்கும் அந்தப் படியில் மோதி உடையவும் உடையும். தேய்மானம் எஞ்சின் புத்தகம் சொல்லும் எல்லையைத் தாண்டியிருந்தால் சிலிண்டரைப் போர் போட்டு, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள். லைனர் தனியாக உள்ள எஞ்சினென்றால் லைனரையே மாற்றுங்கள். பரவலாக ஓடும் வகை எஞ்சின்களுக்குப் பாகம் கிடைப்பது கஷ்டமில்லை. 1949-இல் சென்னை செம்பியத்தில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகளால் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் வெளிநாட்டை எதிர்பார்க்கும் நிலை எப்போதோ போய்விட்டது. எல்லைக்குள் தேய்மானம் இருந்தால் படியை மட்டும் எடுத்து, உள்சுவரை ஹோனிங் கல்லால் உரசி, புது ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்த பிறகே பிஸ்டனில் மாட்டுங்கள். 80 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு அந்த இடைவெளி கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டி, சுவரைக் கீறிவிடும்.

அளவு எடுத்தபின் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஏன் இவ்வளவு தேய்ந்தது? காற்று வடிகட்டியில் ஆயில் ஊற்றாமல் விட்டுப் புழுதி போயிருக்கலாம். இதை எல்லோரும் சொல்வார்கள். பலரும் கவனிக்காத காரணம் குளிர்ந்த தண்ணீர். நம் பம்புசெட்டுகளில் எஞ்சினைக் குளிர்விக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறோம். பம்ப் தள்ளும் தண்ணீரிலிருந்தே ஒரு சின்னக் குழாயைப் பிரித்து எஞ்சினுக்குள் விட்டு மறுபக்கம் வாய்க்காலில் விழ விடுகிறோம். கிணற்றுத் தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் எஞ்சின் சூடேறுவதே இல்லை. அதைப் பெருமையாகச் சொல்வார்கள், ‘நாள் முழுக்க ஓடினாலும் கையை வைக்கலாம்’ என்று. அந்தப் பெருமைதான் சிலிண்டரைத் தின்கிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து வரும் புகையும் நீராவியும் குளிர்ந்த சுவரில் படிந்து அமிலமாகின்றன. அமிலம் உலோகத்தை அரிக்க, ரிங் அதைச் சுரண்டிக்கொண்டு போகிறது. டீசலும் கூடுதலாகச் செலவாகிறது. குழாயில் ஒரு சின்ன வால்வைப் பொருத்தி, வெளியேறும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரிக்குக் குறையாமல் வரும்படி ஓட்டத்தைக் குறையுங்கள். அதே நேரம் உப்புத் தண்ணீர் ஓடி ஓடி வாட்டர் ஜாக்கெட்டுக்குள் சுண்ணாம்பு அடைத்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடைத்த இடத்தில் மட்டும் சூடு தேங்கி சிலிண்டர் கோணலாகும்.

வால்வு, சீட் வேலை உங்களுக்குத் தெரிந்ததே. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தபின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, கசிகிறதா என்று பார்த்துவிட்டு ஹெட்டை மூடுங்கள். பெரிய பேரிங்கில் ஆயில் போகும் துளைகளை ஊதிப் பாருங்கள். லிஸ்டர் வகையில் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் டிப்பர்தான் ஆயிலை அள்ளித் தெளிக்கும். அது வளைந்திருந்தாலோ ஒடிந்திருந்தாலோ மற்ற வேலையெல்லாம் வீண். நகல் எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்க் கேஸின் உள்சுவரில் வார்ப்பு மணல் இன்னும் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசலால் கழுவி, துணியில் மணல் துளி வருவது நிற்கும்வரை விடாதீர்கள்.

ஃபியூயல் பம்ப் விஷயத்தில் நின்று பேச வேண்டும். அதற்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே 2, 3 மைக்ரான் இடைவெளிதான். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். இரண்டையும் ஜோடியாகவே தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடக் கூடாது. பழந்துணியால் துடைக்கவும் கூடாது. நூல் பிசிறு போதும், கெடுத்துவிடும். சுத்தமான டீசலில் கழுவி ஈரத்தோடு கோர்த்துவிடுங்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலை டெஸ்டரில் மாட்டி, எஞ்சின் புத்தகம் சொல்லும் அழுத்தத்தில் பீய்ச்சுகிறதா, சொட்டுகிறதா என்று பாருங்கள். மூடுபனி போல வர வேண்டும். சோதிக்கும்போது கையை முன்னால் நீட்டவே நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கோர்க்கும்போது இரண்டு அளவுகள் உயிரானவை. முதலாவது, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, ஹெட்டைப் பூட்டி, ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். கூடினாலும் குறைந்தாலும் சிலிண்டருக்கு அடியில் உள்ள ஷிம்மால் சரி செய்யலாம். இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காக நசுக்குவதில் பிறக்கும் சூட்டால்தான் டீசல் பற்றுகிறது. இடைவெளி கூடிப்போனால் காலையில் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி ஆள் ஓய்ந்துவிடுவார். இரண்டாவது, டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரம். பம்பின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, ஃபிளைவீலை மெல்லத் திருப்பினால் டீசல் ஒழுகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் சட்டென நிற்கும். அதுதான் பீய்ச்சல் தொடங்கும் இடம். ஃபிளைவீல் குறியோடு ஒப்பிட்டு, பம்புக்கு அடியில் உள்ள ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். எந்த அளவுக் கருவியும் இல்லாமல் கண்ணும் பொறுமையும் மட்டும் கொண்டு ஒரு டிகிரித் துல்லியத்தைத் தொடும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் ஸ்டார்ட். ஆபத்து இங்கேதான். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை தப்பும். வால்வைத் திறந்து வைக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வேகம் வந்தபின் விடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்பு சிக்கியிருந்தாலோ, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றி அதையே எஞ்சின் எரிக்கத் தொடங்கினாலோ வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆயிலை எரித்து ஓடும்போது டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்று போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூடிய அறையிலும் கிணற்று மேடையிலும் சோதனை ஓட்டம் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; ஆளைச் சாய்த்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு மணிக்கணக்கில் சுமையில்லாமல் ஓடவிடாதீர்கள். சிலிண்டர் சுவர் பளபளத்துப் போய் ரிங் உட்காராது. கொஞ்ச நேரத்தில் பம்பை மாட்டித் தண்ணீர் இறைக்க விடுங்கள்.

எல்லா எஞ்சினையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஃபிளைவீலில் விரிசல் இருந்தால் அதை ஒருபோதும் ஓட்டாதீர்கள், வெல்டிங் வைத்தும் ஓட்டாதீர்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்பீஸ் தூள் பூசினால் விரிசல் கோடாகத் தெரியும். கிராங்க் ஷாஃப்டில் விரிசல் என்றாலும் அதே தீர்ப்பு. அப்படிப்பட்டவை மற்ற எஞ்சின்களுக்குப் பாகம் தரட்டும்.

‘மின்சாரம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு நீர் ஏற்ற டீசல் எஞ்சின்தான் கை கொடுத்தது. ஊருக்கு ஓர் எஞ்சினாவது ஓடும் நிலையில் இருந்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் கிர்லோஸ்கர் டி.வி.1 எஞ்சின் இருக்கிறது. 87.5 மில்லிமீட்டர் உள்விட்டம், 661 சி.சி., 17.5 அழுத்த விகிதம், 5.2 கிலோவாட். புங்கன், காட்டாமணக்கு, இலுப்பை என்று பலவகை எண்ணெய்களை அதில் எரித்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். நல்ல வேலைதான். ஆனால் அந்த எஞ்சினின் ஹெட்டைத் தன் கையால் கழற்றாமலே பட்டம் வாங்கிப் போகும் மாணவர்கள் ஏராளம். மறுபக்கம், கண்ணை மூடிக்கொண்டு டைமிங் வைக்கத் தெரிந்த பட்டறை அண்ணன்மார்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரவில்லை. அவர்கள் கையில் இருக்கும் அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக இல்லை.

எனவே மூன்று தரப்புக்கும் என் வேண்டுகோளை வைக்கிறேன். ஆசிரியர்களே, நான்கு மாணவர்களுக்கு ஒரு பழைய எஞ்சின் என்று கொடுத்து, பிரித்து, அளந்து, எழுதி, மீண்டும் ஓட்டிக் காட்டும்வரை மதிப்பெண் போடாதீர்கள். பட்டறை அண்ணன்மார்களே, நீங்கள் எடுக்கும் அளவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துக் கல்லூரியிலிருந்து பையனோ பெண்ணோ வந்தால் ஸ்டூலைப் போட்டு உட்காரவையுங்கள். விவசாயிகளே, மோட்டார் ரூம் எஞ்சினை எடைக்குப் போடுமுன் அதன் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து அருகில் உள்ள ஐ.டி.ஐ.க்கு ஒரு முறை காட்டுங்கள். புகைக்குழாயின் வாயில் இன்றைக்கே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள்.